கூரன் கேட்காத கேள்வி

ஒரு காட்டில், மூங்கில் புதருக்குக் கீழே இருந்த வளையில், ஒரு தாய் முள்ளம்பன்றியும் அதன் மகன் கூரனும் வாழ்ந்தன. தந்தை இல்லை. கூரன் சிறு குட்டியாக இருந்தபோதே ஆற்று வெள்ளம் தந்தையைக் கொண்டுபோய்விட்டது.

அப்பாவின் பேச்சை எடுத்தால் அம்மாவுக்குக் கண் கலங்கிவிடும். அதனால் கூரன் கேட்பதில்லை. மகன் கேட்காததால் அம்மாவும் சொன்னதில்லை.

முள்ளம்பன்றிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு, பிள்ளைகளே. எதிரி வந்தால் முதுகைக் காட்டி நின்று, முள்ளை விரித்து, பின்பக்கமாகவே பாயும். முகத்தில் முள் கிடையாது அல்லவா? அம்மா கூரனுக்கும் அதையே பழக்கியிருந்தது.

கூரனுக்கு முள்ளும் ரோஷமும் ஒன்றாக முற்றிய வயது. ஒரு நாள் காலையில் அது கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தபோது, முன்கால் நொண்டும் நரி ஒன்று வந்தது. கூரன் சட்டென்று முதுகைக் காட்டியது.

"அம்மா வளர்த்த பிள்ளை என்பது நிற்பதிலேயே தெரிகிறது" என்று நரி சிரித்தது.

கூரனுக்குச் சுருக்கென்றது. "அதனால் என்ன?"

"ஒன்றுமில்லை தம்பி. உன் அப்பாவைப் பார்த்தவன் நான். அதுதான் மனசு கேட்கவில்லை."

கூரன் கழுத்தை மட்டும் மெல்லத் திருப்பியது. "அப்பாவைப் பார்த்திருக்கிறீர்களா, மாமா?"

"பார்க்காமல் என்ன? புலியே வந்தாலும் முகம் கொடுத்துத்தான் நிற்பார். முதுகைக் காட்டவே மாட்டார். பாவம், உனக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை!"

அப்பாவைப் பற்றிக் கூரனின் காதில் விழுந்த முதல் செய்தி அது. கூரனுக்கு அழுகையே வந்துவிட்டது. விரித்த முள்ளை மடக்கிக்கொண்டு நரியின் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றது.

"அப்படித்தான்! தலையை நிமிர்த்து!" என்ற நரி, மூக்கைக் குறிவைத்துப் பாய்ந்தது.

கூரனின் மூக்கு கிழிந்தது. வலியில் அது எதையும் யோசிக்கவில்லை. அம்மா பழக்கிய உடம்பு தானாகத் திரும்பிக்கொண்டது. தாடையில் முள் ஏறிய நரி ஊளையிட்டபடி ஓடியது.

ரத்தம் சொட்ட வந்த மகனைப் பார்த்து அம்மா பதறியது. கூரன் நடந்ததைச் சொல்லிவிட்டு, பிறந்ததிலிருந்து கேட்காததைக் கேட்டது.

"அம்மா, அப்பா எப்படி நிற்பார்?"

"முன்கால் நொண்டுகிற நரிதானே?" என்றது அம்மா. "கால் எப்படி நொண்டியானது என்று அது உன்னிடம் சொல்லவில்லையா? உன் அப்பா முதுகைக் காட்டி நின்ற அன்று ஏறிய முள், அந்தக் காலில் இன்னும் இருக்கிறது."

அம்மாவின் கண் கலங்கியது. கூரன் அதைப் பார்த்தது.

"இன்னும் சொல்லு, அம்மா" என்றது.

நீதி: தந்தையைப் பற்றித் தாயிடம் கேட்கத் தயங்கும் பிள்ளை, அதை நரியிடம் கேட்க நேரும்.