சைக்கிளை மட்டும் ஏன் தட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும்

வீடியோ கேம் ஊர்களில் வண்டிகளெல்லாம் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், நாகர்கோவிலில் ரெஜினா என்றொருத்தி இருந்தாள். அவள் விளையாடிய ஊரில் கடல், மலை, கலங்கரை விளக்கம் எல்லாம் உண்டு. இஷ்டப்படி சுற்றலாம், கண்ணில் பட்ட வண்டியில் ஏறலாம். காரோ சைக்கிளோ, பொத்தானை ஒருமுறை அழுத்திப் பிடித்தால் போதும், ஓடும்.

துபாயிலிருந்த அக்கா எமல்டாவும் அதே கேம்தான் விளையாடுவாள். தன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்கு அக்கா வரவில்லை என்று ரெஜினா பேச்சை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடைசியில் அக்காவே இறங்கி வந்து செய்தி அனுப்பினாள்: "ஞாயிறு நாலு மணிக்குக் கேமில் கலங்கரை விளக்கத்துக்கு வா. அரை மணி நேரம்தான் இருப்பேன்."

அன்றைக்கென்று பார்த்துக் கேம் தெருவில் ஒரு கார் இல்லை. ஒரு சைக்கிள்தான் நின்றது. ஏறியதுதான் தாமதம், ஆரம்பித்துவிட்டது.

"எங்கம்மா போறோம்? நேத்து ஒருத்தன் என்னை மாடியிலேருந்து தள்ளிவிட்டான், தெரியுமா? மேல இருக்கீங்களா?"

"இருக்கேன். வாயை மூடிட்டுப் போ."

"மூடிட்டா, நீங்க இருக்கீங்களா இல்லையான்னு எனக்கெப்படித் தெரியும்?"

பத்தடிக்கு ஒருதரம் அதே கேள்வி. ரெஜினாவுக்குத் தலை வெடித்தது. அந்த நேரம் பார்த்து அடுக்களையில் மீன்குழம்பு பொங்கியது. டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்தாள். கன்ட்ரோலரின் பொத்தானை அழுத்தி அதன்மேல் ஒரு ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றினாள். எழுந்து போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது திரை முழுக்க நீலம். மீன்கள் நீந்தின. கடலடி மணலில் சைக்கிள் இன்னும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் சத்தத்தைக் கூட்டினாள்.

"கடல் தெரியலையா உனக்கு? கண்ணு அவிஞ்சா போச்சு?"

"வளைவு வருது, இருக்கீங்களான்னு நாலு தடவை கேட்டேம்மா. ஹேண்டில்பார் உங்க கையிலதானே?"

மணி நாலரையைத் தாண்டியிருந்தது. எல்லாம் போயிற்று என்று அவள் தலையில் கை வைத்தபோது போன் அடித்தது. எமல்டா.

"ஏட்டி, கலங்கரை விளக்கத்து மேலேருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். நேரா கடலுக்குள்ள எங்கட்டி போன?" அக்காவுக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. முறைப்பாகப் பேச நினைத்த ரெஜினாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குழம்பு ஆறிப் போகும்வரை பேசினார்கள்.

அக்காமேல் இருந்த கோபம் போயிற்று. சைக்கிள்மேல் இருந்தது போகவில்லை. அந்தக் கேம் ஊரை உருவாக்கிய தனிஸ்லாஸுக்கு நீளமாக ஒரு புகார் எழுதினாள். இப்படிப்பட்ட புகார்களைப் படித்துப் படித்து அலுத்துப்போயிருந்த அவர், "இனி எந்த வண்டியும் பேசக் கூடாது!" என்று உத்தரவு போட்டார்.

கார்கள் சரியென்று அடங்கின. சைக்கிள் மட்டும் கெஞ்சியது: "பேச்சை எடுத்துக்கோங்க ஐயா. மேல இருக்கவங்க முழிச்சிருக்காங்களான்னு தெரிய ஒரு வழி குடுங்க. ஒரு தட்டுக்கு ஒரு மிதி. தட்டுறதை நிறுத்தினா நானும் நின்னுடறேன்."

"எதையோ பண்ணித் தொலை," என்றார் அவர்.

அந்த ஞாயிறு தொட்டுத்தான், கேமில் காருக்குப் பொத்தானைப் பிடித்தால் போதும் என்றிருக்க, சைக்கிள் மட்டும் கட்டைவிரல் கடுக்கக் கடுக்கத் தட்டினால்தான் நகர்கிறது. நாம் எவ்வளவு திட்டினாலும் பதில் பேசுவதில்லை.