ஆறு மூலை கேரம்

கேரம் போர்டுக்கு நாலு மூலை போதாது என்று வேதகிரிக்கு ஏன் தோன்றியதோ, யாருக்கும் தெரியாது. முப்பது வருஷம் தச்சு வேலை செய்த கை, சும்மா இருக்காது. பதினோரு மாதம் இழைத்து இழைத்து ஆறு மூலை போர்டு ஒன்று செய்துவிட்டார். எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. ஆக மூன்று ஜோடி ஆடலாம். கறுப்பு, வெள்ளையோடு பச்சைக் காய்களும் உண்டு.

கூடவே நாற்பத்திரண்டு விதிகளை ஒரு நோட்டில் எழுதினார். அங்கேதான் வந்தது வினை.

ராயபுரத்து கேரம் கிளப்பில் அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர் ரெஜினா மாஸ்டர். வேதகிரியின் மகளைவிட இளையவர். அவர் முன்னிலையில் கிளப்பில் இருந்தவர்களுக்கு வேதகிரி விதிகளை வாசித்தார். ஒன்பதாவது விதியில் ஒருவர் கொட்டாவி விட்டார். பதினைந்தாவதில் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

வேதகிரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிரிச்சுப் போட்டுடறேன் மாஸ்டர். பலகையாவது மிஞ்சும். இது விளையாட்டுதானா இல்லையான்னு நீங்களாவது சொல்லுங்க."

"அந்த நோட்டைக் குடுங்க."

கொடுத்தார். மாஸ்டர் அதை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"போர்டைக் கொண்டுபோய் மீன் மார்க்கெட் ஆட்டோ ஸ்டாண்டுல வெச்சுடுங்கண்ணே. காயும் பவுடரும் வெச்சுடுங்க. சிவப்புக் காயை நடுவுல வைங்க. வேற ஒண்ணும் சொல்லாதீங்க."

"விதி தெரியாம எப்படி ஆடுவாங்க?"

"ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதீங்க."

வேதகிரி ஐந்து நாள் தாங்கினார். ஆறாம் நாள் காலையில் அங்கே போய்விட்டு, தலைதெறிக்க கிளப்புக்கு ஓடிவந்தார்.

"எல்லாம் போச்சு மாஸ்டர்!"

"போர்டை உடைச்சுட்டாங்களா?"

"உடைச்சிருந்தாக்கூடப் பரவாயில்லையே! தப்புத் தப்பா ஆடறாங்க. சிவப்பைப் போட்டா அடுத்து ஒரு பச்சையைப் போடணும். அதுதானே என் விதி? அவங்க எந்தக் கலரா இருந்தாலும் சரின்றாங்க. காய் வெளியே தெறிச்சா, அடிச்சவன் எல்லாருக்கும் டீ சொல்லணுமாம். இதை எவன் எழுதினான்?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"நீங்க ஆடினீங்களா?"

"ஆடினேன். எதிராளி ஒருத்தன் சிவப்புக்கு அப்புறம் கறுப்பைப் போட்டான். செல்லாதுன்னு ரெண்டு காயையும் எடுத்து நடுவுல வெச்சேன். மத்த அஞ்சு பேரும் எழுந்து நின்னுட்டாங்க, என் ஜோடி ஆளும் சேர்த்து! 'இன்னா பெருசு, அழுகுணி ஆட்டம் ஆடறே'ன்றான் ஒரு டிரைவர். நான் கண்டுபிடிச்ச ஆட்டத்துல என்னையே அழுகுணின்றான் மாஸ்டர்!"

"நீங்கதான் செஞ்சீங்கன்னு சொல்லலியா?"

"சொன்னேனே! 'அப்படியா, சோக்கா செஞ்சுகிறே, எழுந்திரு, அடுத்த ஆளு ஒக்காரணும்'னுட்டான்."

மாஸ்டரால் அதற்குமேல் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேதகிரி கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இப்ப நான் என்ன பண்ணட்டும் மாஸ்டர்? நோட்டை எடுத்துட்டுப் போகட்டுமா?"

"ஆடறதுக்கு இன்னும் எத்தனை பேர் காத்துக்கிட்டு நிக்கறாங்க?"

"எட்டு பேர்."

"ஓடுங்கண்ணே. ஒன்பதாவது ஆளா போய் நில்லுங்க."