வாய்க்காலைக் கட்டியவள்

ஒரு விடுகதை. தவறு நடந்தபோது நடுவில் இருந்தவர். தீர்ப்பு நடக்கும்போது ஓரத்தில் நிற்பவர். அவர் யார்? அவசரம் வேண்டாம். கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மலையடிவாரத்தில் ஒரு குருகுலம். அங்கே படித்த செண்பகம் என்ற சிறுமி மூங்கில்களைப் பிளந்து, கணுக்களைச் செதுக்கி, கவைக்கொம்புகளில் ஏற்றிக் கட்டினாள். சுனைத் தண்ணீர் சமையல்கூடத்துக்கே வந்தது.

ஒரு காலை அந்த மூங்கில் வாய்க்கால் சரிந்து கிடந்தது.

"கொக்கு வந்து உட்கார்ந்திருக்கும். அதையே தாங்கவில்லை" என்றார் சமையல்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு செண்பகம் எதையும் கட்டவில்லை.

பிறகுதான் உண்மை தெரிந்தது. சேந்தன் என்ற மாணவன் பொறாமையில் கட்டுகளை அறுத்திருந்தான். அவன் குருவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டான்.

"அது நான் கட்டிய வாய்க்காலா?" என்றார் குரு.

அவனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் மூத்த சீடர் பொன்னம்பலம். இல்லையென்றால் விறகு சுமக்கட்டும் என்றார். கடைசியில் கதவருகே நின்ற செண்பகத்திடம் குனிந்தார்.

"மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடம்மா. முடிந்துவிடும்."

"யாருக்கு முடிந்துவிடும்?" என்று கேட்டார் குரு.

குரு எழுந்து, தன் பாயில் செண்பகத்தை உட்காரச் சொன்னார். தான் போய்க் கதவருகே நின்றுகொண்டார்.

"சின்னப் பெண், ஐயா. இவளுக்கு என்ன தெரியும்?" என்றார் பொன்னம்பலம்.

"தனக்கு என்ன நடந்தது என்று தெரியும். எனக்கு அதுகூடத் தெரியாது."

செண்பகம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என் கட்டு தானாக விழவில்லை. அதை இவன் சொல்ல வேண்டும். சிரித்தவர்கள் எல்லோரும் கேட்க வேண்டும்."

எல்லோரையும் அழைத்தார்கள். சேந்தன் தரையைப் பார்த்து முணுமுணுத்தான். கேட்கவில்லை என்றாள் அவள். அவன் தலையை உயர்த்தினான்.

"முதலில் அவிழ்க்கத்தான் பார்த்தேன். ஒரு முடிச்சுகூட அசையவில்லை. அதனால்தான் அரிவாளால் அறுத்தேன்."

சமையல்காரர் தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கொக்கின்மேல் பழி போட்டேன். உன்னைப் பார்த்தும் சிரித்தேன். தப்புதான், தாயி."

"இப்போதாவது மன்னிக்கலாமே?" என்றார் பொன்னம்பலம்.

"அவசரம் அவளுக்கா, உனக்கா?" என்றார் குரு.

மன்னிப்பைப் பற்றிச் செண்பகம் எதுவும் சொல்லவில்லை. நாளைக்கு வாய்க்காலைத் திரும்பக் கட்டப்போவதாகச் சொன்னாள். கணுக்களைச் சேந்தன் செதுக்கலாம், முடிச்சுகளை நானே போடுவேன் என்றாள்.