அறுபது எண்ணிய தங்கப்பழம்

"அறுபது எண்ணினேன் தாயி. ஒண்ணுகூடக் குறையலை. அப்படியும் சிரிச்சிட்டாங்க."

தங்கப்பழம் இதைச் சொல்வது மூன்றாவது முறை.

அரியநாச்சி ஜாடியில் ஒரு பிடி உப்பைப் போட்டு மூங்கில் குச்சியால் கலக்கினாள்.

நாடகக் கொட்டகை. மேடைப் பலகைக்கு அடியில், குனிந்து நிற்க மட்டும் இடம். அங்கே இடுப்பளவு மண்ஜாடி. அது நிறைய உப்புத் தண்ணீர். ஜாடியின் அடியில் ஒரு ஈயத்தகடு. கயிற்றில் தொங்கும் இன்னொரு தகடு மேலே.

தொங்கும் தகட்டைத் தண்ணீருக்குள் இறக்கினால் மேடை விளக்கெல்லாம் பளிச்சென்று எரியும். தூக்கத் தூக்க மங்கும். மின்சாரம் அந்தத் தண்ணீர் வழியாகத்தான் ஓடுகிறது. விரல் பட்டால் ஆள் இல்லை.

கம்பெனியில் கயிறு பிடிப்பது அரியநாச்சி. வயது இருபத்திரண்டு. தொழில் படிக்க வந்த தங்கப்பழத்துக்கு நாற்பது தாண்டிவிட்டது. பஞ்சாலை வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

அடுத்த மாதம் கம்பெனியில் பாதிப்பேர் கொழும்புக்குக் கப்பலேறுகிறார்கள். அவர்களோடு போகக் கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

"இன்னைக்கும் சிரிப்பு வந்தா, பழையபடி மில்லு வாசல்ல போய் நில்லுய்யா" என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். மில்லில் தங்கப்பழத்தின் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

கடைசிக் காட்சிதான் சோதனை. கடற்கரையில் ராணி, ராஜாவின் கப்பலுக்காகக் காத்து நிற்பாள். பேச்சு இல்லை. பாட்டு இல்லை. பொழுது சாயவேண்டும், அவ்வளவுதான். போன ஞாயிறு பொழுது பொத்தென்று விழுந்தது. "சூரியனுக்குக் கால் தடுக்கிருச்சா?" என்று தரை டிக்கெட்டில் ஒருவன் கேட்டான்.

"எத்தனை எண்ணணும்னு மட்டும் சொல்லிடு தாயி. எழுபதா, நூறா?"

"நான் எண்ணினதே இல்லையே அண்ணே."

"பின்னே எப்படி?"

தூளியில் அரியநாச்சியின் குழந்தை சிணுங்கியது. ஜாடிக்குத் தள்ளி, மேடைக் கட்டையில் கட்டிய பழஞ்சேலைத் தூளி. அரியநாச்சி தூளிக் கயிற்றை எடுத்து அவருடைய இடது கையில் வைத்தாள்.

"ஆட்டுங்க."

"நான் வெளிச்சம் படிக்க வந்தவன். பிள்ளையாட்ட வரலை."

"படுதா இழுக்கிறவருக்குக் காய்ச்சல். நான் மேல போறேன். இவன் அழுதா கொட்டகை பூராவும் கேக்கும்."

"ரெண்டு கயிறையும் நான் ஒருத்தனா?"

அவள் ஏணியில் ஏறிப் போய்விட்டாள்.

மணி அடித்தது. மேலே ராணியின் காலடி நின்றது. கொட்டகை அடங்கியது.

தங்கப்பழம் வலது கைக் கயிற்றை இழுத்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

ஜாடி கொதிக்கத் தொடங்கியது. களக் களக்கென்று சத்தம். ஆவி முகத்தில் அடித்தது. போன ஞாயிறும் இந்தச் சத்தம்தான். ஐம்பதுக்குமேல் அதற்குப் பயந்து, கடைசி ஒரு சாணை வெடுக்கென்று தூக்கியிருந்தார்.

பதினேழு. பதினெட்டு.

இடது கை நின்றுபோயிருந்தது.

குழந்தை முகம் சுளித்தது. உதடு பிதுங்கியது. அவர் அவசரமாகத் தூளியை ஆட்டினார். எண்ணிக்கை தப்பிவிட்டது.

மேடைப் பலகை இடுக்குகள் வழியாக வெளிச்சம் கோடு கோடாகக் குழந்தை முகத்தில் விழுந்திருந்தது. கண் பாதி திறந்து அவரையே பார்த்தது.

கயிற்றைக் கொஞ்சம் இழுத்தார். கோடுகள் மங்கின. இமை தாழ்ந்தது.

இன்னும் கொஞ்சம். கூடிப்போயிற்று. இமை படக்கென்று திறந்தது.

தங்கப்பழம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஜாடி கொதித்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கயிற்றை இழுத்தபடியே தூளி வீச்சைக் குறைத்தார். ஒரு முழம். ஒரு சாண். நாலு விரல். மஞ்சள் கோடு செம்மஞ்சளாயிற்று. பிறகு சிவப்பு. பிறகு குழந்தையின் மூக்கு நுனியில் மட்டும் ஏதோ இருப்பதுபோல இருந்தது. அதுவும் இருந்ததோ இல்லையோ.

தகடு தண்ணீரை விட்டது. பொறி பறக்கவில்லை.

இருட்டு. குழந்தையின் மூச்சுமட்டும் கேட்டது.

மேலே ஒரு சத்தமும் இல்லை. இருமல்கூட இல்லை.

பிறகு யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். ஒருவர் கைதட்டினார். பிறகு கொட்டகையே தட்டியது. பலகை அதிர்ந்து தூசி கொட்டியது.

அரியநாச்சி சிம்னி விளக்கோடு ஏணியில் இறங்கினாள். தங்கப்பழம் தகட்டுக் கயிற்றைக் கட்டிவிட்டுத் தூளிமேல் குனிந்து, இரண்டு உள்ளங்கையாலும் குழந்தையின் காதுகளைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"கப்பலுக்கு உங்க பேரை எழுதச் சொல்லிட்டாரு முதலாளி. எத்தனை அண்ணே எண்ணினீங்க?"

"மெதுவாப் பேசு தாயி. இப்பத்தான் அசந்தான்."