எலியாவுக்குத் திறக்கும் கதவு

“வந்துவிட்டாரா, இனிமேல்தான் வரப்போகிறாரா? இன்றைக்காவது சொல்லிவிடுங்கள், ரபி.”

பாதிரியார் அன்செல்மோ உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டார். மூச்சு வாங்கியது.

யூத குருவான ரபி யோவேல் தலை நிமிரவில்லை. பாஸ்கா விருந்துக்காகப் புளிப்பில்லா அப்பத்தை மேசைமேல் அடுக்கிக்கொண்டிருந்தார். பாதிரியாருக்கு மகனாக இருக்கக்கூடிய வயதுதான் அவருக்கு. குளிர்காலம் முழுக்க அவரிடம் எபிரேயம் படிக்க வந்தார் பாதிரியார். பாடம் முடிந்து எழும்போதெல்லாம் மீட்பரைப் பற்றி இந்தக் கேள்வியைத்தான் கேட்பார். ஒருமுறையும் பதில் வந்ததில்லை.

“இதைக் கேட்கவா இந்த ஓட்டம்?” என்றாள் ரபியின் மனைவி சிப்போரா.

“இல்லையம்மா. கதவைப் பூட்டச் சொல்ல வந்தேன்.”

அன்று பெரிய வெள்ளி. பாதிரியாரின் கோவிலில் யாரோ வெளியூர்க்காரர் வந்து, ஆண்டவரைச் சிலுவையில் கொன்றது யூதர்கள்தான் என்று பிரசங்கம் செய்திருந்தார். கேட்டவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஆற்றங்கரையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“உங்கள் ஆட்கள் எறிய வருகிறார்கள். நீங்கள் பந்திக்கு வந்து நிற்கிறீர்கள்.”

சொல்லிவிட்டுச் சிப்போரா சிரிக்கத்தான் பார்த்தாள். தொட்டிலை ஜன்னலடியிலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்தினாள்.

யோவேல் கதவைச் சாத்திக் குறுக்குக்கட்டையைப் போட்டார். பாதிரியாருக்கு உயிர் வந்தது.

“சாப்பாடு முடிகிறவரைக்கும்தான்,” என்றார் யோவேல். “பிறகு திறக்க வேண்டும்.”

“எதற்கு?”

“எங்கள் வழக்கம். இந்த இரவில் எலியா வருவார். மீட்பர் வரப்போவதைச் சொல்லுகிறவர் அவர்தான். அதோ, அவருக்கு ஊற்றி வைத்த கிண்ணம்.”

“கல்லோடு நிற்கிறார்கள் என்கிறேன். இன்றைக்கா திறப்பீர்கள்?”

“பாஸ்கா இன்றைக்குத்தானே.”

உட்கார்ந்தார்கள். எகிப்திலிருந்து தப்பிய கதையை யோவேல் மெல்லிய குரலில் சொன்னார். கசப்புக் கீரையைக் கையில் வைத்துக்கொண்டு பாதிரியார் ஜன்னலையே பார்த்தார். தெருவில் ஒரு நாய் குரைத்தது. சட்டென்று நிறுத்தியது.

பாதிரியார் குனிந்து சொன்னார். “எங்கள் ஆண்டவர் உயிர்த்தெழுந்த அன்று சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். யூதர்களுக்குப் பயந்து.”

சொன்ன பிறகுதான், எங்கே உட்கார்ந்து சொல்கிறோம் என்பது உறைத்தது.

“உள்ளே இருந்தவர்கள் யார்?” என்றார் யோவேல்.

“அவர்களும் யூதர்கள்தான்.”

“பிறகு?”

“பூட்டிய வீட்டுக்குள்ளேயே அவர் வந்து நின்றார். அதனால்தான் சொல்கிறேன். வருகிறவர் எப்படியும் வருவார். திறக்க வேண்டியதில்லை.”

“உங்களவர் வருவார். எலியா வயதானவர்,” என்றாள் சிப்போரா. “சுவர் வழியாக வரச்சொன்னால் என்ன செய்வார் பாவம்?”

பாதிரியார் யோவேல் பக்கம் திரும்பினார்.

“அவர் மீட்டுவிட்டார், ரபி. உள்ளத்தை மீட்டுவிட்டார்.”

“மீட்கப்பட்ட உள்ளமா கல் பொறுக்குகிறது?”

பாதிரியார் கையிலிருந்த அப்பத்தை இரண்டாகப் பிட்டார்.

“மறுபடியும் வருவார்,” என்றார்.

“அப்படியானால் நீங்களும் காத்திருக்கிறீர்கள்.”

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. ஒருவருடையது அல்ல. வந்துகொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை. போய்விட்டார்களா, நின்றுவிட்டார்களா என்று தெரியவில்லை. சிப்போரா குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

யோவேல் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“பாதிரியாரே, இந்த வருஷம் நீங்கள் திறங்கள்.”

“நானா?”

“நீங்கள்தானே கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.”

பாதிரியார் அப்பத்தைக் கீழே வைத்தார். எழுந்தார். கதவுவரை நடந்தார். குறுக்குக்கட்டையில் கை வைத்தார்.

பலகைக்கு அப்பால் யாரோ மூச்சுவிடுவது போலிருந்தது. தன்னுடைய மூச்சாகவும் இருக்கலாம். அங்கே நிற்பது கல்லோடு வந்தவர்கள் என்றால், அத்தனை பேருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தது இந்தக் கைதான். எலியா என்றால், அவர் என்ன செய்தி சொல்வார்? ஆண்டவரே நின்றால்?

அதை நினைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய உதடுகள் அசையத் தொடங்கின.

“என்ன ஜெபிக்கிறீர்கள்?”

யோவேல் பின்னால் வந்து நின்றிருந்தார்.

பாதிரியாருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“வெளியே யாரும் இருக்கக்கூடாது என்று.”

“யாருமேவா?”

“யாருமே.”

யோவேல் கட்டையின் மறுமுனையைப் பிடித்தார். அவருடைய கையும் வேர்த்திருந்தது.

“நானும் வருஷா வருஷம் அதைத்தான் ஜெபிக்கிறேன்,” என்றார். “தூக்குங்கள்.”