கோபுர எழுத்துகள் தலைப்புக்கு ஏறிய கதை

அந்தக் காலத்தில், அச்செழுத்துகளுக்கும் வாய் இருந்த நாளில், தூத்துக்குடியில் சவரிராயன் என்பவர் ஓர் அச்சகம் வைத்திருந்தார். அங்கே இரண்டு வகை எழுத்துகள் இருந்தன. பொடி எழுத்துகள் பொழுதெல்லாம் உழைக்கும், வாயே திறக்காது. கோபுர எழுத்துகளோ மாதா கோயில் கோபுரத்தைப் பார்த்து வார்த்தவை. உச்சியில் கூர், அடியில் கூர், இடுப்பில் இரட்டைக் கோடு, கொஞ்சம் இடம் காலியாக இருந்தால் அங்கேயும் ஒரு கொடிச் சுருள்.

அவற்றில் ஔவுக்குத்தான் வாய் அதிகம். பாவம், பிறந்ததிலிருந்து அதற்கு ஒரு நாள்கூட வேலை வந்ததில்லை. அதனால் எல்லாருக்காகவும் அதுவே பேசும்.

அதே ஊர்க்காரர் சூசை மோத்தா தம் மகள் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்தபோது ஔ பிடித்துக்கொண்டது. "அண்ணாச்சி, எத்தன நாளு பெட்டியில தூசி தின்னுக்கிட்டுக் கெடக்க? மேலேயிருந்து கீழ வரைக்கும் நாங்களே நிக்கோம். ஊரே அசந்துபோகும்!"

நச்சரிப்புத் தாங்காமல் சவரிராயன் நாள், நேரம், கோயில், விருந்து எல்லாவற்றையும் கோபுர எழுத்திலேயே கோத்துவிட்டார். அழைப்பிதழில் ஔவுக்கு இடமே இல்லை. ஆனாலும் அதுதான் அதிகமாகக் குதித்தது.

கல்யாணத்துக்கு மறுநாள் சூசை மோத்தா கண் சிவக்க வந்து நின்றார்.

"நானூறு பேருக்குப் பிரியாணி போட்டேன் வே. வந்தது பதினோரு பேரு. அதுல மூணு பேரு சமையக்காரனுவ!"

"அழைப்பிதழ் போய்ச் சேரலியா?" என்றார் சவரிராயன்.

"சேந்துச்சே! ஒருத்தன் சட்டம் போட்டுச் செவுத்துல மாட்டிருக்கான். பாதிப் பேரு சாமி படம்னு நெனச்சு வேதப் புத்தகத்துக்குள்ள வச்சு முத்தம் குடுக்கானுவ. என்னைக்கு, எந்தக் கோயில்னு ஒருத்தனாலயும் படிக்க முடியல. எம்மவ வாசலையே பாத்துக்கிட்டு நின்னா வே."

ஔ வெட்கத்தில் குறுகிப்போனது. சவரிராயன் அடுப்பை மூட்டி, ஈயம் உருக்கும் சட்டியை வைத்தார். கோபுர எழுத்துகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அலறின. ஔவுக்கு அன்றுதான் முதல்முறையாகப் பேச்சு வரவில்லை.

அப்போது பொடி எழுத்துகளில் இருந்து 'க' மெல்ல வாய் திறந்தது.

"உருக்காதீய அண்ணாச்சி. நாங்க மட்டும் நின்னா எவனும் கையில எடுக்க மாட்டான். இவுக மேல நின்னு கூப்பிடட்டும். சேதிய நாங்க சொல்லிக்கிடுதோம்."

சவரிராயன் சட்டியை இறக்கினார்.

"சரி. ஆனா ஒரு வரிக்கு மேல இவுக வாயத் தொறக்கக் கூடாது."

"தொறக்கவே மாட்டோம்!" என்றது ஔ. அவர் முறைத்ததும் கப்சிப்.

அடுத்த ஞாயிறு சூசை மோத்தா மறுபடியும் விருந்து வைத்தார். புது அழைப்பிதழில் கோபுர எழுத்துகள் மேலே ஒரே ஒரு வரி நின்றன, பொடி எழுத்துகள் கீழே விவரம் சொல்லின. வந்த கூட்டத்தில் பிரியாணி பத்தாமல் போய், மோத்தா சிரித்தபடி வெறும் சோறு வடிக்க ஓடினார்.

அன்று முதல்தான் கோபுர எழுத்துகள் தலைப்போடு நின்றுகொள்கின்றன. அழைப்பிதழை வாங்குகிறவர் மேலே பார்த்து "அடடா!" என்கிறார். பிறகு கீழே பார்த்து, பந்தி எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்கிறார்.