எந்த மெஷின் வாங்கலாம், டீச்சர்?

பால்வண்ணத்துக்கு அறுபத்தொரு வயது. சிமெண்ட் ஆலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நீச்சல் சொல்லித்தர வந்த பெலாஜியாவுக்கு இருபத்தொன்பது. மணப்பாட்டுக்காரி, கடலிலேயே வளர்ந்தவர். பால்வண்ணம் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

பாளையங்கோட்டைக்கு வெளியே பால்வண்ணத்தின் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம். அந்தக் குளத்தைப் பார்த்தாலே அவருக்குப் பயம்.

போன வருஷம் மே மாதம் அது நடந்தது. இரண்டு நாளாக நல்ல காற்று. குளத்தோரம் நிற்கும் வாதாங்கொட்டை மரம் இலையாகக் கொட்டித் தள்ளியிருந்தது. தண்ணீரே தெரியவில்லை. சிவப்பும் பழுப்புமாக, பாய் விரித்த மாதிரி கிடந்தது. விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி யாழினிக்கு மூன்று வயது. அவள் அதைத் தரை என்று நினைத்துக் காலை வைத்துவிட்டாள்.

நாலு எட்டு தள்ளி நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார் பால்வண்ணம். பார்த்தார். எழுந்து ஓடினார். குளத்தின் விளிம்பு வரைக்கும் ஓடினார். அங்கே கால் நின்றுவிட்டது.

இலைகள் விலகி, மறுபடியும் மூடிக்கொண்டன.

அடுக்களையிலிருந்து ஓடிவந்த அவர் மனைவி கோமதி சேலையோடு குதித்துப் பிள்ளையைத் தூக்கினாள். பிள்ளை இருமியது, அழுதது, பிழைத்தது. ஏன் நின்றீர்கள் என்று மனைவியும் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

குளத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார். பூட்டு வாங்கி மாட்டினார். பூட்டியிருக்கிறதா என்று ஒரு நாளைக்கு இருபது தரம் போய் இழுத்துப் பார்ப்பார். ஓர் இலை விழும் சத்தம் கேட்டாலும் நீளக் கம்பு வலையைத் தூக்கிக்கொண்டு போவார். ஆனால் கம்பு எட்டாத தூரத்திலேயே நின்றுவிடுவார். அடியில் மணலும் மட்கிய இலையும் படிந்து தண்ணீர் கலங்கிப் போனது.

பத்து மாதம் கழித்து மகள் போன் செய்தாள். மே மாத லீவுக்கு வருகிறோம் என்றாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் நீச்சல் பாடமும், மெஷின் ஆராய்ச்சியும். பாடம் இரண்டு மாதத்தில் மூன்றாவது படியைத் தாண்டவில்லை. கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்திருப்பார்.

“டீச்சர், குளத்த தானா சுத்தம் பண்ணுத மெஷின்ல வயர் உள்ளது நல்லதா, பேட்டரி போட்டது நல்லதா?”

“அடுத்த படி இறங்குங்க சார்.”

“வயர் உள்ளதுன்னா கரண்டு கசிஞ்சிருமோன்னு பயமா இருக்கு.”

“இன்னும் ஒரு படிதான் சார்.”

“பம்புல ஓஸ் மாட்டுத மாதிரியும் ஒண்ணு வருது. அது உறிஞ்சுமாம். பிள்ளை தலைமுடி அதுல சிக்கிக்கிட்டா என்ன பண்ண?”

டீச்சர் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மெஷின் என்ன செய்யணும்னு நினைக்கீங்க?”

“ஒரு இலைகூட இருக்கக் கூடாது. அடி தெளிவா தெரியணும்.”

“தெரிஞ்சா?”

பால்வண்ணம் துண்டை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டார்.

மகள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கடையிலிருந்து ஓர் ஆள் பேட்டரி மெஷின் ஒன்றை வேனில் கொண்டுவந்தார். ஓட்டிக் காட்டுகிறேன், பிடித்திருந்தால் வாங்குங்கள் என்றார். டீச்சர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவர் பொத்தானை அமுக்கி மெஷினைத் தண்ணீரில் விட்டார்.

ஆமை போல அது அடிக்குப் போனது. தரையில் ஊர்ந்தது. சுவரில் ஏறி மேலே வந்து மூச்சு விட்டுவிட்டு மறுபடியும் இறங்கியது. அது போன வழியெல்லாம் நீல ஓடு பளிச்சென்று தெரிந்தது.

வேலிக்கு வெளியே நின்ற பால்வண்ணத்துக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு வருஷமாகக் கலங்கிக் கிடந்த இடம் இப்போது கண்ணாடி மாதிரி இருந்தது. பிள்ளை விழுந்த இடம் அதுதான். பார்வையைத் திருப்ப முடியவில்லை.

அரை மணி நேரத்தில் மெஷின் நின்றது. சரியாக நடுக்குளத்தில்.

“தூக்குத கொக்கி வேன்ல இருக்கு. எடுத்துட்டு வாரேன்” என்று கடை ஆள் நகர்ந்தார்.

“வேண்டாம்ணே” என்றார் டீச்சர். “சார் எடுப்பாங்க.”

“நானா?”

“ஆமா சார். அங்க உங்களுக்கு நெஞ்சளவு தண்ணிதான்.”

அடுக்களை வாசலில் கோமதி வந்து நின்றாள்.

பால்வண்ணம் இறங்கினார். முழங்கால் நனைந்தது. இடுப்பு நனைந்ததும் மூச்சு முட்டியது, திரும்பி வந்து படியைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் தானும் தண்ணீரில் இறங்கி ஒரு கை தூரத்தில் நின்றார்.

“கையக் குடுங்க டீச்சர்.”

“அது கனமா இருக்கும் சார். உங்களுக்கு ரெண்டு கையும் வேணும்.”

மறுபடியும் நடந்தார். காதுக்குள் நெஞ்சு அடித்தது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. கால் விரலில் மெஷின் தட்டியது. குனிந்தால்தான் கைப்பிடி எட்டும். குனிந்தால் தலை முங்கும்.

முங்கினார். மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே எழுந்தார். டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றார்.

இரண்டாவது தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டு போனார். உள்ளே சத்தமே இல்லை. கையால் துழாவினார். வழுக்கியது. இன்னும் கொஞ்சம் துழாவினார். பிடி அகப்பட்டது.

தூக்கிக் கொண்டுவந்து கரையில் வைத்தார். வைத்த பிறகுதான் உடம்பு நடுங்க ஆரம்பித்தது.

கடை ஆளுக்கு மனசு கேட்கவில்லை. “மெஷின்ல பழுது ஒண்ணும் இல்ல சார். அரை மணிக்கு மட்டும் டைம் வைக்கச் சொன்னது டீச்சர்தான்” என்றார்.

பால்வண்ணம் டீச்சரைப் பார்த்தார். “இப்படிச் செய்யலாமா? எனக்கு ஏதாவது ஆயிருந்தா?”

“பக்கத்துலதான நின்னேன்.”

பால்வண்ணம் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரிலேயே நின்றார்.

“அன்னைக்கு நான் நின்னுட்டேன் டீச்சர். பிள்ளை உள்ள போகுது. நான் பாத்துக்கிட்டே நின்னுட்டேன்.”

“தெரியும் சார்.”

“யாரு சொன்னா?”

“நீங்கதான். ரெண்டு மாசமா மெஷினப் பத்தியேதான கேக்கீங்க.”

வாசலில் கோமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“கால் இன்னும் நடுங்குது டீச்சர்.”

டீச்சர் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தார். “ஆமா. நல்லாவே நடுங்குது.”

பால்வண்ணம் மூச்சை இழுத்து விட்டார். “ஞாயித்துக்கிழமை வந்துருவாங்க. இப்பவாவது சொல்லுங்க. எந்த மெஷின் வாங்கட்டும்?”

டீச்சர் படியேறி, கூந்தலைப் பிழிந்து முடிந்தபடியே சொன்னார்.

“எத வேணும்னாலும் வாங்குங்க சார். நடுவுல நின்னுபோனா எடுக்கதுக்கு வீட்டுல ஆள் இருக்கு.”